புது மைதானம் வருகிறது, பழைய ரசிகர் எங்கே உட்காருவது?

#1 ராஜா, நியூஜெர்சி

பஃபலோ பில்ஸ் அணிக்காக, நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரை ஒட்டிய ஆர்ச்சர்ட் பார்க்கில் எழும்பியிருக்கும் புது மைதானத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லையே என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

2022-இல் ஒப்பந்தம் அறிவித்தபோது செலவு 140 கோடி டாலர் என்றார்கள். பிறகு ஏறி ஏறி 200 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் நியூயார்க் மாநிலம் 60 கோடி, ஈரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி, பஃபலோ அதில்தான் இருக்கிறது) 25 கோடி. ஆக 85 கோடி டாலர் பொதுப்பணம். மேற்கொண்டு ஏறிய செலவு அணியின் பொறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சமாக எழுதியதாக இருக்கக் கூடாது.

இவ்வளவு ஊர்ப்பணம் போட்டுக் கட்டினால் ஊர்க்காரருக்கு இடம் கூட வேண்டும் இல்லையா? குறைந்திருக்கிறது. 1973-இல் திறந்த பழைய மைதானத்தில் 71,000 பேருக்கு மேல் உட்காரலாம். புதியதில் 60,000 சொச்சம்தான். அதிலும் சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் முதலில் தனியாக ஓர் 'இருக்கை உரிமம்' வாங்க வேண்டும். மிக உயர்ந்த பகுதிகளில் ஓர் இருக்கைக்கு 50,000 டாலர் வரை போகிறது. மேலடுக்கில் விலை குறைவுதான். ஆனால் பழைய இடத்தில் இப்படி ஒரு கட்டணமே இருந்ததில்லை.

பஃபலோ பெரிய பணக்கார ஊர் இல்லை. இரும்பாலைகள் மூடிப்போன ஊர். பனி கொட்டும் டிசம்பரில் இருக்கையைத் தாங்களே வழித்துவிட்டு உட்கார்ந்து, அணி தோற்ற வருடங்களிலும் கைவிடாமல் வந்தவர்கள் அவர்கள். அவர்களை வெளியே தள்ளித்தான் புது மைதானம் கட்ட முடியுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 தேனிக்காரன்

அண்ணா, உரிமம் என்றால் டிக்கெட்டையும் சேர்த்தா? 50,000 கொடுத்தால் ஆயுளுக்கும் ஆட்டம் பார்க்கலாமா? சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கே நாங்கள் படும் பாடு பெரும்பாடு. இது இன்னும் புரியவில்லை.

#3 ராஜா, நியூஜெர்சி

தம்பி, டிக்கெட் அதில் சேராது. உரிமம் என்பது வருடா வருடம் சீசன் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதிக்கு மட்டும் கொடுக்கும் பணம். டிக்கெட் விலை தனி, அதை அணி ஒவ்வொரு வருடமும் ஏற்றலாம். ஒரு வருடம் கையில் காசு இல்லை, டிக்கெட் வாங்கவில்லை என்றால் பெரும்பாலும் உரிமமே போய்விடும். சீசன் டிக்கெட்டோடு, கணக்கில் சேராத பயிற்சி ஆட்டங்களுக்கும் சேர்த்து வாங்கியாக வேண்டும். முக்கிய வீரர்கள் அதில் பெரும்பாலும் ஆடுவதே இல்லை.

1990-களில் வட கரோலினாவின் சார்லட் நகரில் புதிய அணி தொடங்கியபோதுதான் இது பரவியது. மேக்ஸ் மியூல்மன் என்ற விளையாட்டு ஆலோசகர் வடிவமைத்த திட்டம். அங்கே ஒரு நியாயம் இருந்தது. இல்லாத அணி, இல்லாத மைதானம், முன்பணம் போட மக்கள் முன்வந்தார்கள். அதுவரை இடம் வைத்திருந்த யாருடைய இடமும் பறிபோகவில்லை.

எங்கள் பக்கம் நடந்தது வேறு. ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் என்ற இரண்டு ஃபுட்பால் அணிகள் சேர்ந்து 160 கோடி டாலரில் கட்டிய மைதானம் 2010-இல் திறந்தது. ஜயன்ட்ஸ் தன் ரசிகர்கள் எல்லோருக்கும், மேலடுக்கின் கடைசி வரிசை உட்பட, 1,000 முதல் 20,000 டாலர் வரை உரிமம் விதித்தது. அப்பா பெயரில் வாங்கி மகன் பெயருக்கு மாறி வந்த இருக்கைகள் அங்கே ஏராளம். அத்தனை பேரும் கட்டு, இல்லாவிட்டால் விடு என்ற நிலைக்கு வந்தார்கள். ஜெட்ஸ் மேலடுக்கை விட்டுவைத்தது. மற்ற பகுதிகளில் எதிர்பார்த்தபடி விற்காததால் சில இடங்களில் விலையைப் பாதியாகவும் குறைத்தது. அப்புறம் என்ன ஆனது? முதலீடு என்று நம்பி வாங்கியவர்கள் பலர் கொடுத்த விலையை விடக் குறைவாகத்தான் விற்க முடிந்தது.

#4 கணக்கர், டெக்சஸ்

மறுபக்கத்தையும் பேசுவோம். ராஜா சார் சொல்லும் அந்த நியூஜெர்சி மைதானத்துக்கு அணிகள்தான் பணம் போட்டன. உரிமம் விற்றதால்தான் வரிப்பணம் கேட்காமல் கட்ட முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் சோஃபை மைதானமும் தனியார் பணம்தான்.

விளையாட்டே பார்க்காத ஒரு பாட்டி, கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் விற்பனை வரியில் மைதானம் கட்டுவது சரியா? அல்லது உள்ளே உட்கார்ந்து ரசிப்பவன் தன் பையிலிருந்து கொடுப்பது சரியா? எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஆட்டம் அத்தியாவசியப் பொருள் இல்லை. டிவியில் இலவசமாக, தெளிவாகப் பார்க்கலாம். இருக்கை குறைவு, கேட்பவர் அதிகம், விலை ஏறத்தான் செய்யும். அணி குறைத்து விற்றால் இடைத்தரகர் வாங்கி அதே விலைக்கு விற்பார். ரசிகருக்கு என்ன லாபம்?

#5 ராஜா, நியூஜெர்சி

கணக்கர் சார், பாட்டி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். என் சண்டையே அதுதான். பஃபலோவில் பாட்டியிடமும் வாங்குகிறார்கள், ரசிகரிடமும் வாங்குகிறார்கள். லாஸ் வேகாஸிலும் அப்படித்தான். அங்கே நெவாடா மாநிலம் ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் கொடுத்தது, அதற்கு மேல் உரிமமும் விற்றார்கள். உரிமம் வரிப்பணத்துக்கு மாற்று என்றால் ஒப்புக்கொள்ளலாம். வரியோடு சேர்த்து வாங்குவது இரண்டு தடவை வசூலிப்பது.

நியூஜெர்சிக்காரர்களுக்கும் பாக்கி ஒன்று இருந்தது. 2010-இல் பழைய ஜயன்ட்ஸ் மைதானத்தை இடித்துத் தள்ளியபோது அதன் பேரில் மாநிலத்துக்கு இன்னும் 10 கோடி டாலர் அளவுக்குக் கடன் நின்றது. கட்டடம் போன பிறகும் வட்டி கட்டினோம்.

ஓக்லண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் ரெய்டர்ஸ் அணியைத் திரும்ப அழைத்துவர நகரமும் கவுண்டியும் கடன் பத்திரம் வெளியிட்டு மைதானத்தை விரிவாக்கின. உரிமம் விற்று அடைப்போம் என்பது கணக்கு. விற்கவில்லை. கடன் மக்கள் தலையில் விழுந்தது. அணி 2020-இல் வேகாஸுக்குப் போய்விட்டது, கடன் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

#6 வடக்குக் காற்று

நான் பொதுவாக எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எந்த அணி, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு சீசன் டிக்கெட் இருந்தது. மூலைப் பக்கம், நடு அடுக்கு. புது மைதானம் அறிவித்த பிறகு 'உங்களுக்கான நேரம்' என்று குறித்துக் கூப்பிட்டார்கள். போனோம். அலுவலகக் கட்டடத்தில் ஒரு தளம் முழுக்கக் காட்சிக்கூடம். நடுவில் மைதானத்தின் மாதிரி, உள்ளே சின்னச் சின்ன விளக்கு. ஓரத்தில் வரப்போகிற நாற்காலிகள். பஞ்சு வைத்தது, வைக்காதது, தோல் போட்டது. உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். பெரிய திரையில், நீங்கள் கேட்கும் இருக்கையிலிருந்து ஆடுகளம் எப்படித் தெரியும் என்று காட்டினார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது.

அப்புறம் மேசைக்குக் கூட்டிப்போனார்கள். விற்பனைப் பையன் சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினான். நாங்கள் முன்பு இருந்த அதே இடம் என்றால் இவ்வளவு என்று திரையைத் திருப்பினான். என் மனைவி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றேன். இந்தச் சந்திப்புக்குள் முடிவு சொன்னால்தான் இந்த இடம் நிச்சயம், வெளியே போனால் அடுத்தவர் வரிசைக்குப் போய்விடும் என்றான். தவணையில் கட்டலாம், வட்டி இவ்வளவு என்று ஒரு தாள் கொடுத்தான். அதைக் கணக்குப் போட்டால் எங்கள் காருக்கு நாங்கள் கட்டும் மாதத் தவணைக்குச் சமமாக வந்தது.

வாங்கவில்லை. என் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். மேலே கடைசி வரிசையாவது வாங்கியிருக்கலாமே என்று இன்னும் கேட்கிறான். மேல்வரிசையின் நடுப்பகுதியும் எங்கள் முறை வருவதற்குள் போய்விட்டது என்பதை அவனிடம் சொல்லியிருக்கிறேன். கணக்கர் ஐயா சந்தை என்கிறார். சந்தையில் பொருளைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியும். இங்கே முடியவில்லை.

#7 தேனிக்காரன்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. தம்பியை ஒரு ஆட்டத்துக்காவது கூட்டிப்போங்கள்.

#8 கட்டடக்காரி, சிகாகோ

நான் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். மைதானம் கட்டியதில்லை, ஆனால் வரைபடங்களைப் படிக்கத் தெரியும். விலையை மட்டும் பேசுகிறோம். மலிவு இருக்கைகள் எங்கே போகின்றன என்பதையும் பேச வேண்டும்.

பழைய மைதானங்களில் மேலடுக்கு கீழடுக்கின் தலைக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும். தாங்க நடுவில் தூண்கள். தூணுக்குப் பின்னால் உட்காருபவருக்குப் பார்வை மறைக்கும், உண்மைதான். ஆனால் மேலே இருப்பவர் ஆட்டத்துக்கு மிக அருகில் இருப்பார். புதியவற்றில் தூண் இல்லை. நடுவில் சொகுசு அறைகள் ஒரு வரிசை, இரண்டு வரிசை, சில இடங்களில் மூன்று. அவற்றின் உயரம் முழுவதும் மேலடுக்கைத் தூக்கிவிடும், பார்வைக் கோணம் சரியாக வர அதைப் பின்னாலும் தள்ளியாக வேண்டும்.

எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1991-இல் வைட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்குப் புது மைதானம் திறந்தார்கள். அதன் மேலடுக்கின் முதல் வரிசை, பக்கத்திலேயே இடிக்கப்பட்ட பழைய கமிஸ்கி பார்க் மேலடுக்கின் கடைசி வரிசையை விட ஆடுகளத்திலிருந்து தூரம். செங்குத்தாக வேறு இருந்தது, ஏறிப்போனவர்கள் தலைசுற்றுகிறது என்றார்கள். கடைசியில் 2000-களில் உச்சியிலிருந்த எட்டு வரிசைகளை அறுத்தே எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 6,600 இருக்கைகள். எல்லாம் மலிவு இருக்கைகள்தான்.

சொகுசு அறைக்கு ஏன் இவ்வளவு ஆசை என்றால், என்.எஃப்.எல்.-இல் (பில்ஸ், ஜயன்ட்ஸ் எல்லாம் ஆடும் லீக்) சாதாரண டிக்கெட் வருமானத்தில் 34 சதவீதம் பொதுக்கணக்குக்குப் போய் மற்ற அணிகளோடு பங்காகிறது. சொகுசு அறையின் கூடுதல் கட்டணம் அப்படிப் பங்காவதில்லை. உரிமப் பணமும் மைதானம் கட்டச் செலவானால் பங்கிலிருந்து விலக்கு. ஒரு உரிமையாளர் இதைப் பார்த்துவிட்டு எந்த மாதிரிக் கட்டடம் வரையச் சொல்வார்? 10,000 சாதாரண இருக்கைகளை எடுத்துவிட்டு அறைகள் போடத்தான் சொல்வார். இருக்கை குறைந்தால் மிச்ச டிக்கெட்டின் விலையும் ஏறும், அது அவருக்கு இன்னொரு லாபம். கணக்கர் சொன்ன 'இருக்கை குறைவு' தானாக வந்த குறைவு இல்லை, வரைபடத்தில் வேண்டுமென்றே போட்ட குறைவு.

நியூயார்க்கில் 2009-இல் திறந்த யாங்கி பேஸ்பால் மைதானமும் இதே கதை. பழையதில் சுமார் 57,000, புதியதில் சுமார் 52,000. முன்வரிசையில் சில இருக்கைகளுக்கு ஒரு ஆட்டத்துக்கு 2,500 டாலர் வைத்தார்கள். பொருளாதாரம் படுத்திருந்த வருடம். அடிப்பவருக்குப் பின்னால் காலி நாற்காலிகள் தினமும் டிவியில் தெரிந்தன. சீசன் தொடங்கிய மாதமே சிலவற்றைப் பாதி விலைக்கு இறக்கினார்கள்.

#9 கணக்கர், டெக்சஸ்

அந்தப் பங்கு விவரம் நல்ல விளக்கம். ஆனால் யாங்கி உதாரணம் என் பக்கத்துக்கும் உதவுகிறது. விலையை மிஞ்சி வைத்தால் சந்தையே இறக்கிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் சோஃபை மைதானத்தில் சார்ஜர்ஸ் அணி 26,000 இருக்கைகளுக்கு உரிமத்தை 100 டாலருக்கே கொடுத்தது, டிக்கெட் ஆட்டத்துக்கு 50 முதல் 90 டாலர். அதே மைதானத்தில் ஆடும் ரேம்ஸ் அணி உரிமத்துக்கு 1,00,000 டாலர் வரை கேட்டது.

அட்லாண்டாவையும் பாருங்கள். 2017-இல் புது மைதானம் திறந்தபோது அங்கே ஹாட் டாக் 2 டாலர், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் குளிர்பானம் 2 டாலர், பீர் 5 டாலர். விலையைப் பாதியாகக் குறைத்தும் ஒரு ஆளுக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவு முன்பைவிட 16 சதவீதம் கூடியது. உரிமையாளர்களுக்கும் மூளை இருக்கிறது.

#10 ராஜா, நியூஜெர்சி

சார்ஜர்ஸ் இறக்கியது சான் டியேகோவிலிருந்து வந்த புதிது, ரசிகர் கிடைக்கவில்லை என்பதால். பஃபலோவில் அந்த வழியே கிடையாது, அங்கே ரசிகர் விட்டுப் போக மாட்டார் என்று அணிக்குத் தெரியும். அதனால்தான் மிக விசுவாசமான ஊரில் மிக நன்றாக வசூல் ஆகிறது. எனக்கு இதுதான் மனதை அறுக்கிறது.

அட்லாண்டா உணவு விலையை நானும் பாராட்டுவேன். ஆனால் அங்கேயும் உரிமம் 45,000 டாலர் வரை விற்றார்கள். உள்ளே நுழைந்தவருக்குத்தான் 2 டாலர் ஹாட் டாக்.

#11 மெர்சி நதிக்கரை

இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி. நம்மால் ஒன்றும் ஆகாது என்ற தொனி இந்த இழையில் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

லிவர்பூல் கால்பந்து கிளப் தன் ஆன்ஃபீல்ட் மைதானத்தின் பிரதான ஸ்டாண்டைப் பெரிதாக்கியபோது அங்கே உச்ச விலை 77 பவுண்ட் என்று 2016 தொடக்கத்தில் அறிவித்தார்கள். பிப்ரவரி 6, சண்டர்லேண்டோடு ஆட்டம். ரசிகர் அமைப்புகள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தன. லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. 77-ஆவது நிமிடம் வந்ததும் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு. அவர்கள் போன பிறகு சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு 2-2 ஆனது.

அந்த வாரமே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 77 பவுண்ட் போனது, உச்ச விலை பழையபடி 59 பவுண்டில் நின்றது. அடுத்த மாதம் பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து, வெளியூரிலிருந்து வரும் ரசிகருக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் இல்லை என்று முடிவெடுத்தன.

காலி இருக்கைக்கு அவர்கள் பயப்படுகிறார்கள். டிவியில் காட்டுவது ஆட்டத்தை மட்டும் இல்லை, கூட்டத்தையும்தான். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் கிளப்பின் தெற்கு ஸ்டாண்டில் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள், மலிவான விலையில். அங்கே கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி இல்லாத நாட்டிலும் கூட்டமாக எழுந்து போனால் பலன் இருக்கிறது.

#12 வடக்குக் காற்று

எழுந்து போகச் சொல்வது எளிது. இங்கே அணியே ஊரை விட்டுப் போய்விடும். மிசௌரி மாநிலத்தில் இருக்கும் கான்சஸ் சிட்டியில் என்ன நடந்தது? 2024 ஏப்ரலில் அந்த ஊரின் ஜாக்சன் கவுண்டி மக்கள், மைதானங்களுக்கான விற்பனை வரியை நீட்டிக்க மாட்டோம் என்று 58 சதவீத வாக்கில் நிராகரித்தார்கள். இரண்டே மாதத்தில் பக்கத்து கான்சஸ் மாநிலம், செலவில் 70 சதவீதம் வரை கடன் பத்திரத்தில் தருகிறேன் என்று சட்டமே போட்டது. 2025 டிசம்பரில் அந்த ஊர் ஃபுட்பால் அணியான சீஃப்ஸ் அந்தப் பக்கம் போவதாக அறிவித்துவிட்டது. வேண்டாம் என்று வாக்குப் போட்டவர்களுக்கு அணியும் இல்லை.

#13 கட்டடக்காரி, சிகாகோ

வடக்குக் காற்று சொல்வதுதான் கசப்பான உண்மை. இங்கிலாந்தில் ஒரு கிளப் ஊரை மாற்றுவது அபூர்வம். இங்கே 32 அணிகள்தான், அணி வேண்டும் என்று நிற்கும் ஊர்கள் அதைவிட அதிகம். பொருளாதார அறிஞர்கள் 30 வருடமாக ஆராய்ந்து, மைதானத்துக்குக் கொடுக்கும் பொதுப்பணம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்று ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கிறார்கள். நாஷ்வில் நகரம் அதற்குப் பிறகும் தன் புது மைதானத்துக்கு 126 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கியது. அங்கேயும் 69,000 இருக்கைகள் 60,000 ஆகின்றன.

அதனால் பணம் கொடுக்காதே என்று மட்டும் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. கொடுக்கும் அன்று எழுதி வாங்கு என்று சொல்ல வேண்டும். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் வரை அணிக்கு நாம் தேவை, கையெழுத்தான மறுநாள் தேவையில்லை. ஈரி கவுண்டியில் அணியிடம் சமூக நல ஒப்பந்தம் ஒன்று வாங்கினார்கள், 30 வருடக் குத்தகைக் காலத்தில் 10 கோடி டாலருக்கு மேல் உள்ளூர்ப் பணிகளுக்கு. அதே மேசையில் இருக்கைகளையும் வைக்கலாம். பழைய சீசன் டிக்கெட்காரருக்கு உரிமக் கட்டணம் கிடையாது. பொதுப்பணம் மொத்தச் செலவில் எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீத இருக்கைகளுக்கு விலை உச்சவரம்பு, பணவீக்கத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த இருக்கைகள் எல்லாம் உச்சி மூலையில் மட்டும் இருக்கக் கூடாது என்று வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். முடிவெடுக்க ஒரு மணி நேரம் இல்லை, ஒரு மாதம் கொடுக்க வேண்டும்.

#14 கணக்கர், டெக்சஸ்

உச்சவரம்பு வைத்த டிக்கெட்டை வாங்கி மறுநாளே மூன்று மடங்குக்கு விற்பார்களே, அதற்கு என்ன செய்வீர்கள்?

#15 கட்டடக்காரி, சிகாகோ

அந்த இருக்கைகளை மட்டும் வாங்கிய விலைக்கே, அணியின் தளத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வைக்கலாம். டிக்கெட் எல்லாம் போனில் வந்துவிட்ட காலம், யார் கையில் இருக்கிறது என்று அணிக்குத் தெரியும். கொஞ்சம் கசியும். முழுக்க அடைக்க முடியாது என்பதற்காகக் கதவே வேண்டாம் என்று விட முடியாது.

#16 கோவை மேற்கு

இதை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எங்கள் கோவையில் சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் மைதானம் கட்டப்படும் என்று 2024 தேர்தல் நேரத்தில் ஸ்டாலின் அறிவித்தார். எத்தனை பேர் உட்காரலாம் என்று பேசினோமே தவிர, எத்தனை பேர் 500 ரூபாய்க்குள் உட்காரலாம் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. அரசு நிலம், அரசுப் பணம் என்றால் இங்கேயும் அதே கேள்விதான். பேருந்தில் வந்து போகிற கல்லூரிப் பசங்களுக்கு ஒரு ஸ்டாண்ட் என்று முதல் வரைபடத்திலேயே கேட்க வேண்டும். கட்டடக்காரி அக்கா, அந்த நிபந்தனைகளைத் தனியாக ஒரு பதிவாகப் போட முடியுமா? எங்கள் மாவட்ட கிரிக்கெட் நண்பர்கள் குழுவில் பகிர்கிறேன்.

#17 கட்டடக்காரி, சிகாகோ

வார இறுதிக்குள் போடுகிறேன். சொகுசு அறைகளை நடுவில் செருகாமல் ஒரே பக்கத்தில் வைத்தால் மேலடுக்கு எவ்வளவு கீழே இறங்கும் என்று ஒரு படமும் வரைந்து சேர்க்கிறேன். ராஜா, பஃபலோ ஒப்பந்தத்தின் இருக்கைப் பகுதி கிடைத்தால் அனுப்புங்கள்.